மதுரைக் குடிசைப் பகுதிகளில் வீட்டுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள், உதவி செய்ய வருகிறவர்கள், ஏன், எங்கள் சொந்தக்காரர்களே திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் கிடையாது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட அது எந்தக் கிழமை வருகிறது, வருவதற்குள் எதெல்லாம் முந்திக்கொள்கிறது என்பதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

மதுரையில் குடிசைப் பகுதி என்று எதைச் சொல்வது?

சட்டத்துக்கு ஒரு கணக்கு, சென்சஸுக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு. 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் அரசு அறிவித்த இடங்கள் முதல் வகை. 2011 சென்சஸ் இன்னும் இரண்டு வகைகளைச் சேர்த்துக்கொண்டது: அறிவிப்பு இல்லாவிட்டாலும் அரசோ உள்ளாட்சியோ ஒப்புக்கொண்ட இடம், அதுவும் இல்லையென்றால் 60, 70 வீடுகள் அல்லது 300 பேராவது தண்ணீர், கழிப்பறை சரியில்லாமல் நெருக்கியடித்து வாழும் இடம். கிருதுமால் நதி ஓரத்தில் நாற்பது வீடுகளோடு நிற்கும் ஒரு சந்து இந்த மூன்றிலும் சேராமல் போய்விடலாம்.

ஊர்ப் பேச்சில் கரும்பாலை, மதிச்சியம், மேலவாசல், கீரைத்துறை என்று பேர் சொல்வார்கள். அதே பகுதியில் வசதியான தெருவும் இருக்கும். பகுதிப் பேரை வைத்து ஆளை எடைபோடுவது மதுரையில் பழைய வியாதி. வேலை கேட்டுப் போகிற பையன்கள் முகவரியில் தெருப் பேரை மாற்றிச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. சனங்கள் இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறார்கள். இங்கேயும் அதையே சொல்கிறேன்.

குடிசையே கண்ணில் படவில்லையே? டிவி, செல்போன், பைக் எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. ஓலைக் குடிசை பெரும்பாலும் போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ், தகரம், வாரியத்தின் பழைய அடுக்குமாடி, ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடித்தனம் இருக்கும் வளவு என்று வடிவம் மாறிவிட்டது. டிவி அரசு கொடுத்ததாகவோ தவணையில் வந்ததாகவோ இருக்கும். செல்போன் இல்லாவிட்டால் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார், கேஸ் புக் பண்ண முடியாது. பைக் இல்லாத பெயின்டருக்கு ஊருக்கு வெளியே ஊமச்சிகுளத்தில் கிடைக்கிற வேலை கைக்கு எட்டாது.

பொருளை எண்ணாதீர்கள். அடகுச் சீட்டை எண்ணுங்கள்.

எவ்வளவு வருமானம் இருந்தால் ஏழைக் குடும்பம் என்று கணக்கு?

2014-ல் ரங்கராஜன் குழு நகரத்தில் ஒரு ஆளுக்கு மாதம் 1,407 ரூபாய், நாளைக்கு 47 ரூபாய் என்று ஒரு கோடு போட்டது. அது 2011-12 விலைவாசிக்குப் போட்டது. அதற்கு முந்தைய டெண்டுல்கர் முறையில் நகரத்துக்கு மாதம் 1,000 ரூபாய். இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் இன்று மதுரையில் ஏழை என்று யாரையும் கண்டுபிடிக்கவே கஷ்டப்பட வேண்டும்.

நிதி ஆயோக் வேறு வழியில் போகிறது: சத்துணவு, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு என்று 12 அளவுகோல். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2.20 சதவீதம் பேர்தான் பல பரிமாண வறுமையில் இருக்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால் 14.96 சதவீதம். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் கடன் இல்லை, வாடகை இல்லை, அடுத்த வாரம் வேலை உண்டா என்பதும் இல்லை. கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு, மின்சாரம், படிக்கிற பிள்ளை எல்லாம் உள்ள ஒரு செல்லூர் வீடு, காலை ஆறு மணிக்குத் தண்டல்காரர் (தினத் தவணைக் கடன்காரர்) சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்த அளவுகோலில் அந்த வீடு ஏழை வீடு ஆகாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த வீட்டைப் பற்றித்தான்.

ஒரு வீட்டுக்கு மாத வருமானம் எவ்வளவு?

கேள்வியே சரியாக வராது. மாதம் என்ற கணக்கு சம்பளக்காரர்களுக்கு. இங்கே ஒரு வீட்டுக்குள் மூன்று, நான்கு வகைப் பணம் வெவ்வேறு நேரத்தில் வருகிறது. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் வேலை என்றால் பல இடங்களில் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. நடுவில் செலவுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். கீழமாசி வீதியிலோ மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலோ மூட்டை தூக்கினால் அன்றன்றைக்கு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் பிறந்து ஐந்து, பத்து தேதிக்குள். வீட்டில் அப்பளம் உருட்டுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், நைட்டி தைக்கிறவர்கள் முடித்துக் கொடுத்த அளவுக்கு.

இதற்கு மேல் பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றால் வீடே நிற்கும். வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பந்தி பரிமாறப் போகிறவர்கள், சமையல்காரருக்கு எடுபிடியாகப் போகிற பெண்கள், மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த மாதங்கள் காலி. ஆனால் அதே ஆடியில் ஜவுளிக்கடையில் தள்ளுபடிக் கூட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். சித்திரைத் திருவிழா வந்தால் விசிறி, பலூன், நீர்மோர், சர்க்கரைச் செம்பு என்று பத்து நாள் பிழைப்பு ஓடும். மதுரை மல்லி புவிசார் குறியீடு வாங்கி 2013-லிருந்து பெருமையாகத்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது பூக்காரம்மா அதிகம் சம்பாதிக்கிறார் என்று நினைப்பார்கள். கால் கிலோ எடுக்கவே காசு இல்லாமல் அன்றைக்குக் கூடையை வீட்டில் வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே ‘மாசம் எவ்வளவு வரும்?’ என்று கேட்டால் ஒரு தொகை சொல்லிவிடுவார்கள், உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக. ‘போன வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்கக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நீளும்.

அரிசி சும்மா கிடைக்கிறதே, சாப்பாட்டுக்கு என்ன செலவு?

2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த அரிசி இல்லாவிட்டால் கொரோனா ஊரடங்கில் பாதித் தெரு பட்டினி கிடந்திருக்கும். இதை லேசாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டைதான்.

ஆனால் அரிசி மட்டும் சோறாகாது. காய், தேங்காய், புளி, மிளகாய், கேஸ், பால் எல்லாம் காசு. இதில் கவனிக்க வேண்டியது வாங்குகிற அளவு. கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர் எண்ணெயைப் பாக்கெட்டாகவும் மசாலாவைச் சின்ன சாஷேயாகவும் வாங்குவார். அவசரத்துக்குப் பெரிய சிலிண்டருக்குப் பணம் புரட்ட முடியாமல் ஐந்து கிலோ சிலிண்டர். தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்குவார். நோட்டில் வாங்குகிறவர் விலை கேட்க முடியாது. கீழமாசி வீதியில் மூட்டையாக வாங்குகிற வீட்டைவிட அதே சாமானுக்கு இவர் கூடுதலாகக் கொடுக்கிறார். ஏழைக்கு ஊரில் எல்லாமே விலை கூட.

வாடகைக்கு இருக்கிறார்களா, சொந்த வீடா?

மூன்றாவது ஒன்று உண்டு: ஒத்தி. வெளியூர்க்காரர்கள் இதைத் தெரியாமலேயே கேள்வித்தாள் தயாரித்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் தொகை முழுதாகத் திரும்ப வர வேண்டும். ‘ஒத்திக்கு இருக்கோம்’ என்று சொல்கிற வீடு, வாடகை வீட்டைவிட ஒரு படி மேல் என்று தெருவில் மதிப்பு.

கணக்கைப் பாருங்கள். ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீட்டுக்குக்கூட ஒத்தித் தொகை லட்சத்தில் நிற்கும். அந்த லட்சம் எங்கிருந்து? நகை, குழுக் கடன், தெரிந்தவரிடம் வட்டிக்கு. ஒத்திக்கு இரண்டு லட்சம் வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 ரூபாய் வட்டி போகிறது. அதே வீட்டின் வாடகை அதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். பிறகு ஏன்? வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் சாமானைத் தூக்கி வெளியே வைப்பார். வட்டி பாக்கி விழுந்தால் வீடு நிற்கும், பேச்சுத்தான் கேட்க வேண்டியிருக்கும். இந்தத் தெரிவு முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பல ஒத்திகள் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பதிவு செய்யாமலே கிடக்கும். வீட்டுக்காரர் செத்துப்போய், பிள்ளைகள் ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்று சொன்னால் இரண்டு லட்சம் நடுத்தெருவில் நிற்கும்.

கரண்ட்டுக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்குமே?

2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், உண்மை. மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. வளவுக்குள் நான்கு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர் என்றால் எல்லோரும் ஓட்டுகிற யூனிட் ஒன்றுசேர்ந்து மேல் படிக்கட்டணத்துக்குப் போய்விடும். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே ஒரு விலை போடுவார். இலவசம் வாசல்வரை வந்து நின்றுவிடும்.

கடன் ஏன் இவ்வளவு? எதற்கு வாங்குகிறார்கள்?

ஒரு வீட்டில் ஒரு கடன் என்று இருப்பது அபூர்வம். நகை அடகு ஒன்று, வாரக் குழு ஒன்றோ இரண்டோ, தண்டல் ஒன்று, கடை நோட்டு, அக்கம்பக்கத்தில் கைமாத்து. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைப்பதுதான் பாதி வேலை. ஆடம்பரத்துக்கு வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். நான் பார்த்த வரை பிரசவம், ஆஸ்பத்திரி, பள்ளி திறக்கிற ஜூன் மாதம், வேலை இல்லாத வாரம், சொந்தக்காரர் விசேஷத்துக்குச் செய்முறை, ஒத்தி என்றுதான் வரிசை.

தண்டலைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். எழுதுவது 10,000 ரூபாய். பிடித்தம் 1,500 போகக் கையில் கொடுப்பது 8,500. தினமும் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ‘நூறு நாளைக்கு ஆயிரத்தைநூறுதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறது. நூறு நாளில் சராசரியாக அவர் கையில் நின்ற பணம் 4,250 ரூபாய்க்குப் பக்கம். அதற்கு 1,500 வட்டி என்றால் நூறு நாளுக்கு 35 சதவீதம். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 125-ஐத் தாண்டும்.

இருந்தும் காய்கறி வண்டிக்காரர் அதைத்தான் வாங்குகிறார். காலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணியில் சரக்கு எடுக்கப் பணம் வேண்டும். அந்த நேரத்துக்கு எந்த வங்கியும் திறந்திருக்காது. தண்டல்காரர் காகிதம் கேட்பதில்லை, வாசலுக்கே வந்து கொடுக்கிறார், வாசலுக்கே வந்து வாங்குகிறார். தினம் நூறு ரூபாய் என்பது தினக்கூலிக்காரரின் பணம் வருகிற வேகத்துக்குப் பொருந்துகிறது. மாதத்துக்கு ஒருமுறை மூவாயிரம் கட்டு என்று சொன்னால் அந்த மூவாயிரத்தை வீட்டில் பத்திரப்படுத்திவைக்க இடம் கிடையாது. யாராவது கேட்டுவிடுவார்கள், அல்லது காய்ச்சல் வந்துவிடும்.

வாரக் குழு என்பது மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி. தெருவில் பத்துப் பெண்களைச் சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டு என்பார்கள். வட்டி தண்டலைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் அவமானம் அதிகம். தண்டல்காரரிடம் நாளைக்கு என்று சொல்லிவிடலாம். குழுவில் பக்கத்து வீட்டு மதினி உங்கள் தவணையைக் கட்டிவிட்டு உங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

இதற்குச் சட்டம் கிடையாதா?

உண்டு. தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதில் பேர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் உண்டு: குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரவோ கூப்பிடவோ கூடாது. இந்த 9 மணி, 6 மணி விதி பெண்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் உடனே பயன்படுகிற விதி இது. இரவில் வந்து நிற்கிறவரிடம் நேராகச் சொல்லலாம். 2025-ல் கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டமும் கொண்டுவந்தது.

கந்து வட்டிப் புகார் ஏன் குறைவு என்றால், புகார் கொடுத்தால் அந்தத் தெருவில் அடுத்த கடன் கிடைக்காது.

வங்கியிலோ மகளிர் குழுவிலோ வாங்கக் கூடாதா?

வாங்குகிறார்கள். மதுரைக்கு இதில் சொந்தச் சரித்திரமே உண்டு. 1997-ல் மதுரையில் தொடங்கிய தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள், பெண்கள் தாங்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறையை இந்தப் பக்கத்தில் வேரூன்றவைத்தன. அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்தான் அழகர்கோவில் பக்கம் பில்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குழுவின் பலம் தெருவில் ஆட்கள் நிலையாக இருப்பதில்தான். கிராமத்தில் அது சுலபம். நகரத்தில் ஒத்தி முடிந்து ஒரு குடும்பம் கீரைத்துறையிலிருந்து அவனியாபுரத்துக்குப் போய்விட்டால் குழுச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடும். தெரு வியாபாரிகளுக்கு 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி கடன் முதலில் 10,000 ரூபாய், திருப்பிக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. 2025-ல் முதல் இரண்டு தவணைகளை 15,000, 25,000 என்று கூட்டினார்கள். மாநகராட்சியில் வியாபாரி அட்டையோ சிபாரிசுக் கடிதமோ வாங்கியிருக்க வேண்டும்.

கடனில் இருந்துகொண்டு காதுகுத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? மொய் ஏன்?

இந்தக் கேள்வியில் எப்போதும் ஒரு கேலி ஒளிந்திருக்கும். மதுரைப் பக்கம் செய்முறை என்பது வரவு செலவுக் கணக்கு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுதல். இது எதுவும் இல்லாவிட்டால் ‘வசந்த விழா’ என்று ஒரு பேரை வைத்துப் பத்திரிகை அடித்துவிடுவார்கள். வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டில் எழுதுவார்: ஊர், பேர், தொகை. வருகிற ஒவ்வொரு ரூபாயும் இவர் முன்பு யாருக்கோ செய்ததன் திரும்பல், அல்லது நாளைக்குத் திருப்ப வேண்டியது. வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்வதுதான் மரியாதை.

ஆக, மொய் ஒரு சேமிப்பு. பத்து வருடம் ஐநூறு, ஆயிரம் என்று செய்துவைத்தவர், வீட்டில் பெண் பெரிய மனுஷியானபோது மொத்தமாக எடுக்கிறார். அந்தப் பணத்தில் தண்டலை அடைக்கிறார், நகையைத் திருப்புகிறார், ஒத்தி வீட்டுக்குப் போகிறார். வங்கி கொடுக்காத மொத்தத் தொகை இங்கே கிடைக்கிறது, காகிதம் இல்லாமல், வட்டி இல்லாமல்.

இதன் மறுபக்கம் தாய்மாமன் வீடு. சீர் செய்கிற முறை உள்ள மாமனுக்கு வேலை இல்லாத மாதத்தில் அக்கா மகளுக்குச் சடங்கு வந்தால் அவர் தப்ப முடியாது. ஆட்டுக்கிடாய், நகை, தட்டு வரிசை, ரேடியோ செட், வெடி. ‘மாமன் வெறுங்கையோட வந்தான்’ என்ற பேச்சு இரண்டு தலைமுறைக்கு நிற்கும். வாங்கும் கடன்களில் மிகவும் கனமானது இதுதான். பிளெக்ஸ் பேனர் செலவை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

கேட்க வேண்டிய கேள்வி: ‘ஒங்க மொய் நோட்டுல இன்னும் எவ்வளவு வர வேண்டி இருக்குக்கா?’ பலர் தொகை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் குடிதானே காரணம்?

எல்லாவற்றுக்கும் என்று சொன்னால் தப்பு. குடி இல்லை என்று சொன்னாலும் தப்பு. 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. சனிக்கிழமை கூலி வீட்டுக்கு வருவதற்கு முன் வழியில் ஒரு கடை நிற்கிறது. கணவர் கூலியில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது என்று தெரியாமலே குடும்பம் நடத்துகிற பெண்கள் ஏராளம்; அவர்கள் கணக்கில் அந்தக் கூலி ‘வந்தால் வரவு’தான். அதே சமயம், சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் அந்த வீடும் ஆறே மாதத்தில் அதே கடனில் வந்து நிற்கிறது. மூட்டை தூக்குகிற உடம்பு வலிக்குக் குடிக்கிறேன் என்று சொல்கிறவரிடம் எனக்குப் பதில் இருந்ததில்லை. அவருடைய மனைவிக்கும் அதே வலி இருக்கிறது, அவர் குடிப்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையால் என்ன மாறிவிடும்?

குடும்பத் தலைவிக்கு அரசு தரும் இந்தத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளும் மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகளில் சில. மேலே சொன்ன ஒற்றை மீட்டர் வளவுகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் பெரிய தொகை இல்லை. ஆனால் இந்த வீடுகளில் மாதாமாதம் குறிப்பிட்ட நாளில், பெண்ணின் பேரில், தவறாமல் வருகிற பணம் இது ஒன்றுதான் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் உண்டு. பதினைந்தாம் தேதியை நம்பிச் சீட்டுக் கட்டுகிறார்கள், கேஸ் வாங்குகிறார்கள், குழுத் தவணையை அந்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பஸ் காசு மிச்சம் என்பதோடு முடியவில்லை. பக்கத்துத் தெருவில் குறைந்த கூலிக்குப் பாத்திரம் கழுவியவர் கே.கே. நகர், அண்ணாநகர் வரை போய் வேலை பிடிக்கிறார்.

பெரியாஸ்பத்திரி இலவசம்தானே?

ராஜாஜி ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கூட இருக்கிறவருடைய கூலி போவது, ஆட்டோ, வெளியில் எடுக்கச் சொல்கிற டெஸ்ட், சாப்பாடு ஆகியவை இலவசம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. கார்டு எடுத்து வைக்காமல் நெஞ்சுவலி வந்த இரவில் தாலுகா ஆபீஸைத் தேடுகிற வீடுகளை இன்னும் பார்க்கிறேன். பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தவணையாக வருகிறது. கர்ப்பம் தெரிந்ததுமே நர்சம்மாவிடம் பதிந்துவிட வேண்டும்.

பிள்ளைகள் படிக்கிறார்களா?

படிக்கிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதே மதுரை சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். 2025 ஆகஸ்டில் நகரத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மதுரைக்கு இது முக்கியம், இந்தத் தெருக்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் பள்ளிகளில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-லும் வந்தன.

ஓட்டை விழுகிற இடம் பத்தாம் வகுப்புக்குப் பிறகு. அதுவும் பையன்களுக்கு. பட்டறை, மெக்கானிக் ஷெட், மொபைல் கடை என்று கையில் காசு தெரியும்.

ஊருக்கு வெளியே நல்ல அடுக்குமாடி கட்டிக் கொடுத்தும் ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்?

வாரியம் கட்டிய ராஜாக்கூர் குடியிருப்பை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சுவர் கெட்டி, கழிப்பறை உள்ளேயே. ஆனால் நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவருக்கு அங்கிருந்து பஸ் எப்போது? இரண்டு வீட்டில் காலையும் மாலையும் பாத்திரம் கழுவுகிறவர் நடுவில் வந்துபோக முடியுமா? கடை நோட்டு, கைமாத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அயித்தை எல்லாம் பழைய தெருவில் நிற்கிறது. அதனால் புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கே திரும்பி வருகிறவர்கள் உண்டு. அதிகாரிகள் இதை மோசடி என்கிறார்கள். கூலி கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

பட்டா கிடைக்குமா?

நிலத்தைப் பொறுத்தது. ஆறு, கண்மாய், வாய்க்கால் என்று நீர்நிலைப் புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். பி-மெமோ ரசீதைப் பட்டா மாதிரி பத்திரமாக வைத்திருப்பார்கள். அது ஆக்கிரமிப்புக்குப் போட்ட தண்டத்தின் ரசீது.

நூறு நாள் வேலை?

ஊரகத்துக்கு மட்டும். 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த ஊராட்சிகளுக்கு அந்த வேலை நின்றது. வீட்டு வரி மட்டும் மாநகராட்சி வரியானது.

ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

காலையில் போகாதீர்கள், தண்ணீர் வருகிற நேரம் அது, குடத்தை விட்டுவிட்டு யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள். வயசைப் பார்த்து அக்கா, அம்மா, அண்ணே என்று கூப்பிடுங்கள், ‘மேடம்’ வேண்டாம். கடனைப் பற்றி மாமியார் முன்னால் கேட்காதீர்கள். கணவருக்குத் தெரியாத குழுக் கடன் ஒன்று அநேகமாக இருக்கும். வருமானத்தை முதலில் கேட்காமல் நேற்றைய செலவிலிருந்து தொடங்குங்கள். போட்டோ எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். மாட்டேன் என்றால் போனை உள்ளே வையுங்கள்.

உதவி செய்ய ஆசை. என்ன கொடுக்கலாம்?

பழைய துணி வேண்டாம். தீபாவளிக்கு ஒருநாள் பிரியாணியும் வேண்டாம், அதைக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு பிள்ளைக்கு நோட்டு, பை, செருப்பு, பள்ளிக் கட்டணம் என்று நேராகக் கட்டிவிட்டால் ஒரு வீட்டில் ஒரு தண்டல் குறையும். காகித வேலை தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு வேலைக்காரர்களுக்கு 2007-லிருந்தும் கட்டடத் தொழிலாளர்களுக்கு 1994-லிருந்தும் நலவாரியங்கள் இருக்கின்றன. விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி, 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. புதுப்பிக்க மறந்து அட்டை காலாவதியாகிக் கிடப்பதுதான் வழக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்போடு தெருமுனையில் உட்கார்ந்து, நலவாரியப் புதுப்பிப்பு, காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று என்று போட்டுக்கொடுங்கள். ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஆதாரில் இருக்கிற செல் நம்பர் பழசாக இருக்கும், ஓடிபி வராது. அதனால் முதல் வாரம் நம்பர் மாற்ற மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.